மும்மோதல் சம்மேளனத்தின் மகத்தான சீர்திருத்தம்

வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் நம் காலத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுத நேர்ந்தால், தேசிய மும்மோதல் பில்லியர்ட்ஸ் சம்மேளனம் தன்னைத்தானே சீர்திருத்திக்கொண்ட கதையைத்தான் எழுதுவார்கள். குழியில்லாத மேசை, பந்து மூன்று தடவையாவது ஓரத்தில் மோதிவிட்டுத்தான் கடைசிப் பந்தைத் தொட வேண்டும். அதுதான் ஆட்டம். சம்மேளனத்தின் கோப்புகளும் அப்படியே மோதி மோதித்தான் நகர்ந்தன. எதையும் தொட்டதாகத் தகவல் இல்லை.

தலைவர், ஆறு துணைத் தலைவர்கள், செயலாளர், 'நெறிமுறை ஆலோசகர்' என்று ஒன்பது பேர் இருந்தார்கள். ஆடத் தெரிந்தவள் இந்த ஒன்பதில் சேராத ஒருத்திதான். கடையில் கண்ணாடி அறுக்கிறவள் என்பதால் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். நான்கு வருடமாகத் தேசிய சாம்பியன். இப்போதுதான் முதன்முறையாக உலகப் போட்டிக்கு அழைப்பு வந்திருந்தது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி இருபது நாள் லீவும் வாங்கிவிட்டாள்.

அழைப்போடு உலக அமைப்பு ஒரு நிபந்தனையும் அனுப்பியிருந்தது: நிர்வாகத்தில் ஆட்டக்காரர் ஒருவர் இருக்க வேண்டும்.

"உன்னையே நிர்வாகியாப் போட்டுடறோம்மா. மேசைத் துணி கிழிஞ்சிருக்குன்னு எட்டு மனு குடுத்தியே, இனிமே அதையெல்லாம் நீயே பரிசீலிக்கலாம்" என்றார் செயலாளர்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சீர்திருத்தக் கூட்டம் ஐந்து மணி நேரம் நடந்தது. தலைவரின் பேனா மேசையில் உருண்டு தண்ணீர் பாட்டிலில் இடித்துத் திரும்புவதையே கண்ணாடிக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து எங்கே போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். "கை தூக்கும்மா" என்று செயலாளர் சொன்னபோதெல்லாம் தூக்கினாள். பதினான்கு தீர்மானங்களும் 'ஏகமனதாக' நிறைவேறின.

மறுநாள் பாஸ்போர்ட்டோடு அலுவலகத்துக்குப் போனாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் செயலாளர்.

"உலகப் போட்டிக்கு, சார்."

"ஏழாவது தீர்மானம் என்ன சொல்லுது? நிர்வாகிங்க யாரும் போட்டியில ஆடக் கூடாது. நேர்மைன்னு ஒண்ணு வேணுமில்ல? நீயும்தானே கை தூக்குன?"

"அப்ப எனக்குப் பதவியே வேணாம் சார். ராஜினாமா பண்றேன்."

"தாராளமாப் பண்ணு. அடுத்த கூட்டத்துல ஏத்துக்கறோம்."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"நாங்க ஒம்பது பேரும் உலகப் போட்டிக்குப் போயிட்டு வந்ததும்."

"நீங்க எதுக்கு சார் போறீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? ஆடத்தான் ஆள் இல்ல. நிர்வாகமாவது போகலைன்னா நாட்டோட மானம் என்னாகறது?"

அவளுக்கு அழுகை வந்தது. தூக்கியது தன் கைதான். லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று இரண்டு கண்ணாடிகள் கோணலாக அறுபட்டன.

ஒன்பது பேரும் உலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் தழுதழுத்த குரலில் அறிவித்தார்: "சீர்திருத்தத்தின் பலன் கைமேல் தெரிந்துவிட்டது. உலகப் போட்டியில் நம் நாடு ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. கண்ணாடிக்காரி எழுந்தாள்.

"தோக்கறதுக்காவது ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே சார்."

செயலாளர் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதினார்: 'ஆட்டக்காரர்களின் பிரதிநிதி பாராட்டிப் பேசினார்.'