துண்டுக்கு அடியில் நடந்த வியாபாரம்

எங்கள் வீதிக்காரர்கள் எல்லோரும் ஒத்துப்போன விஷயம் இதுவரை ஒன்றே ஒன்றுதான். துண்டுத் தரகர் ஒரு மோசடிப் பேர்வழி என்பதுதான் அது. குடிநீர்க் குழாய் எந்த ஓரமாக வர வேண்டும் என்பதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட் வைப்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. தரகர் விஷயத்தில் மட்டும் சிங்காநல்லூரின் அந்தச் சின்ன வீதி ஒற்றுமையாக நின்றது.

அந்த ஒற்றுமையில் என் பங்கு அதிகம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரணை செய்து ஓய்வு பெற்றவன் நான். எரிந்துபோன பஞ்சு குடோனைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ‘ஐயோ’ என்று வரும். எனக்கு ‘உள்ளே பஞ்சு இருந்ததா?’ என்று வரும். அன்றைக்குச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினேன். இப்போது அதையே இலவசமாகச் செய்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவரை மனதுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம், வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் மரியாதை கெட்டுவிடும். அதனால் தரகரை எதிரே பார்க்கிறவர்கள் எல்லாம், “ஏனுங்க, சாப்டாச்சுங்களா?” என்று சிரிப்பார்கள். “ஆச்சுங்க” என்று அவரும் சிரிப்பார். அவர் முக்கு திரும்பியதும், “கிட்னி யாவாரந்தானுங்க, வேறென்ன?” என்பார்கள்.

தரகர் பொள்ளாச்சி சந்தையில் மாடு விற்றுக் கொடுத்தவர். சந்தைக்கு இந்தக் கோடியில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால், அந்தக் கோடியில் பாலக்காட்டு வியாபாரி பீடியைக் கீழே போட்டுவிடுவாராம். ஆனால் விலை பேசும்போது மட்டும் அந்த வாய் மூடிக்கொள்ளும். மாட்டுச் சந்தை வழக்கம் அது. இரண்டு பேர் கையையும் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தால் ஒரு விலை, விரலை மடக்கினால் இன்னொரு விலை, கையை உதறினால் கட்டாது என்று அர்த்தம். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு முகம் தெரியும், விலை தெரியாது.

ஒரு சந்தை நாளில் காங்கேயம் காளை ஒன்றின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. வாயை வைத்துப் பிழைத்தவருக்கு வாயே இல்லை. எங்கள் வீதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த மருமகன் அவரைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷம் போல வாசலில் உட்கார்ந்தே இருந்தார். பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. திரும்பாத வார்த்தைகளுக்குப் பதிலாகச் சந்தை வார்த்தைகளைப் போட்டு நிரப்பிக்கொண்டார். டாக்டர் என்று வராது, ‘பல்லு பாக்கறவரு’ என்பார். பிசியோதெரபி செய்கிற பெண் ‘லாடம் கட்டற அம்மணி’. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனால் ‘கயிறு மாத்தியாச்சுங்க’. மாட்டை விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து, வாங்கியவர் கயிற்றைக் கட்டி அனுப்புகிற வழக்கம் அது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு மனிதர், “அந்தப் பெரியவரைக் கயிறு மாத்தியாச்சுங்க” என்று சந்தோஷமாகச் சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அதைவிடப் பெரிய சந்தேகம், அவர் தினமும் காலையில் பச்சைத் துண்டும் கையுமாக டவுன் பஸ் ஏறி, தனக்கு வைத்தியம் பார்த்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதுதான். அங்கே அவருக்கு வைத்தியம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. மாவு மில் சாந்தாமணி, கொழுந்தனாரைப் பார்க்கப் போன இடத்தில் அவரைக் கண்ணால் கண்டுவிட்டு மூச்சிரைக்க வந்தாள்.

“நானே பாத்தனுங்க. ஒரு பெரியவரு பேச்சு வராமக் கெடக்கறாரு. இவரு பக்கத்துல உக்காந்து, துண்டைப் போத்தி, உள்ள அவரு கையைப் புடிச்சுட்டிருக்காரு. அப்பறம் ஊட்டுக்காரங்களைப் பாத்து, ‘படிஞ்சுருமுங்க, இன்னும் சித்த எறங்கி வரோணும்’ங்கறாருங்க!”

வீதி கொதித்தது. கிட்னிதான் என்றாள் சாந்தாமணி. எதிர்வீட்டு வாத்தியாருக்குக் காலி மனை ஒன்று உண்டு, அவர் மூளை அந்தப் பக்கம் போனது. “துண்டுக்குள்ள பத்திரம் இருக்குதுங்க. பேச முடியாதவன் கட்டை வெரலை மையில தொட்டு அமுக்கிப்போடறாரு” என்றார். ஈமு கோழி வளர்த்துப் பணக்காரர் ஆகலாம் என்று நம்பி நொந்துபோனவர்கள் நாங்கள். ஒருவர் சும்மா நல்லது செய்கிறார் என்றால் நாங்கள் முதலில் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

விசாரணை என் பொறுப்பாயிற்று. மறுநாள் அவர் முன் படியில் ஏறினார், நான் பின் படியில் ஏறி ஒரு பெரிய கட்டைப்பைக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். கண்டக்டரிடம் சில்லறை நீட்டினேன், அவர் வாங்க மறுத்துவிட்டார். “முன்னாடி உக்காந்திருக்கற பெரியவரு உங்களுக்கும் சேத்து எடுத்துட்டாருங்க. பையைச் சித்த நகத்தி வெக்கச் சொன்னாரு, கால்ல உழுந்துருமாமா.”

லஞ்சம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

வார்டில் சாந்தாமணி சொன்னது அத்தனையும் நடந்தது. துண்டுக்குள் இரண்டு கைகள் எலி ஓடுவது போல அசைந்தன. படுத்திருந்த மனிதர் திடீரென்று கையை உதறினார், பிறகு வாய் கோணச் சிரித்தார். தரகர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நான் நைசாகப் போய் அந்த மனிதரின் கட்டை விரலைப் பார்த்தேன். மை இல்லை. மையைத் துடைக்கத்தான் துண்டு என்று முடிவு செய்து திரும்பி வந்தேன்.

இப்படி இருக்கையில்தான் சரோஜா விழுந்தாள். சரோஜா என் மனைவி. அடுப்படியில் நின்று பேச ஆரம்பித்தாள் என்றால் பருப்பு வெந்து, தாளித்து, ஆறி, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரே வாக்கியமாகப் போகும். பக்கவாதம் அவளுடைய வலது கையையும் அந்த வாக்கியத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். “பேச முயற்சி பண்ணிட்டே இருக்கணும். விட்டுட்டாங்கன்னா கஷ்டம்” என்று அந்த லாடம் கட்டுகிற பெண் சொல்லி அனுப்பினாள்.

முயற்சி செய்ய விட்டால்தானே? ஆரஞ்சுப் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகச் சொந்தக்காரர்கள், எங்கள் பாஷையில் ஒறம்பரை, குவிந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, “என்னைத் தெரியுதா அம்மணி? பேரு சொல்லு பாக்கலாம்?” என்று பரீட்சை வைத்தார்கள். அவளுக்கு எல்லோரையும் தெரிந்தது, பெயர்தான் வரவில்லை. “அ... அது” என்பாள். வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அவள் கண்ணுக்கு எதிரேயேதான்.

நாலைந்து நாளில் அவள் வாயை மூடிக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கஞ்சி கொண்டுபோனால் ஸ்பூனைத் தள்ளினாள். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மறுபடி சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்றார் டாக்டர். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பச்சைத் துண்டு தெரிந்தது.

“உள்ள வரலாமுங்களா சார்?”

வீட்டில் என்ன இருக்கிறது, எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன். அந்த வீதியில் யாரும் கேட்காததை அன்று நான் கேட்டுவிட்டேன். மரியாதை எல்லாம் குழாயோடு போய்விட்டது.

“ஏனுங்க, இதுல உங்குளுக்கு என்ன வருது? என்ன கமிஷன்?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வார்த்தையைத் தேடி எடுத்துக் கோர்த்தார். “கமிஷன்... இல்லாம... தரகு உண்டுங்களா? வேணுமுங்க. இப்ப இல்ல. அப்பறமா.”

என் சந்தேகம் மொத்தமாக ருசுவானது. இருந்தாலும் உள்ளே விட்டேன். மூக்கில் குழாயா, மோசடியா என்று வந்தால் மனிதன் மோசடிக்குத்தான் துணிவான்.

முதலில் ஒறம்பரையை எல்லாம் கூடத்துக்கு அனுப்பினார். பிறகு அறை வாசலிலேயே நின்றுகொண்டார். “பொம்பளைங்க கையை நான் புடிக்க மாட்டனுங்க. நீங்கதான்... தரகு. நான் வெளிய.”

நானா? கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றும்போது சரோஜாவின் கையைப் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த வேலைக்கு அவசியம் வந்ததில்லை. முதலில் முன்வாசலில் உட்கார வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். மீசை நரைத்த இரண்டு ஆண்கள் துண்டுக்குள் கையைக் கோர்த்துக்கொண்டு முகத்தை முகம் பார்த்து உட்கார்ந்திருந்ததை எதிர்வீட்டு வாத்தியார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். என் கட்டை விரலைத்தான் பார்த்திருப்பார். அமுக்கினால் சரி, உதறினால் கட்டாது. அவ்வளவுதான் பாடம்.

“துண்டு எதுக்குங்க? சும்மாவே கேட்டா ஆகாதுங்களா?” என்றேன்.

“தப்பா அமுக்குனா... யாருக்குந் தெரியக்கூடாதுங்க. நாலு பேரு பாத்தா... மாடும் மெரளும்.”

போய்ச் சரோஜாவின் இடது கையைப் பிடித்துத் துண்டைப் போட்டேன். கஞ்சி வேண்டுமா என்றேன். அசைவில்லை. இட்லியா என்றேன். அசைவில்லை. வாசலில் இருந்து குரல் வந்தது.

“நாயமான வெலை கேக்காதீங்க சார். மொதல்ல... அடிமாட்டு வெலை கேளுங்க. கோவம் வரோணும். கோவம் வந்தா... வெலை வரும்.”

அடிமாட்டு விலை என்னவென்று எனக்குத் தெரியும். பவானியில் என் பெரிய அக்கா இருக்கிறாள். வந்தால் முதல் காரியமாகச் சரோஜாவின் அடுப்படியில் டப்பாக்களை இடம் மாற்றிவிடுவாள். நான் குனிந்து, “பவானி அக்காவை வரச் சொல்லட்டுமா? ஒரு மாசம் தங்கி உன்னைப் பாத்துக்கட்டும்” என்றேன்.

துண்டு பறந்து போய்க் கதவில் விழுந்தது.

“படியுமுங்க!” என்று வாசலில் ஒரு கத்தல். பொள்ளாச்சி சந்தையில் பீடியைக் கீழே போட வைத்த குரல் அதுதான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் பேரம். அக்காவைக் கூப்பிடுவதாகப் பயமுறுத்தி ஒரு கிண்ணம் கஞ்சி இறங்கியது. தொலைக்காட்சியை விற்றுவிடுவதாகச் சொல்லி ஒரு தோசை. தரகர் வருவார், அறை வாசலில் நிற்பார், அவளை ஒரு கேள்வி கேட்க மாட்டார், எனக்கு மட்டும் தரகுப் புத்தி சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் அவர் வருவதற்கு முன்பே நான் துண்டைப் போட்டேன். அக்காவை இழுக்கவில்லை. “பயமா இருக்குதா சரோஜா?” என்றேன். அவள் விரல் என் விரலைத் தேடி வந்து அமுக்கியது. நெடுநேரம் விடவில்லை. “எனக்குந்தான்” என்றேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிய ஒழுங்கான பேச்சு அதுதான் என்று தோன்றுகிறது.

தரகர் இதை எப்படி ஆரம்பித்தார் என்பதை அவர் மகள் ஒரு நாள் சொன்னாள். “எங்கய்யன் அப்பெல்லாம் கெணத்தைக் கெணத்தைப் பாத்துட்டிருப்பாருங்க. நாங்க ஒரு நிமிசங்கூடத் தனியா உடமாட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, பக்கத்துக் கட்டல்ல கெணத்துக்கடவுக்காரர் ஒருத்தருங்க. சந்தையில பழக்கம். அவருக்கும் பேச்சு இல்ல. போர்வைக்கு அடியில கையை நீட்டிட்டாரு. ரெண்டு பேரும் இல்லாத மாட்டுக்குச் சாயங்காலம் வரைக்கும் வெலை பேசுனாங்க. படியலைங்க. அதைய முடிக்கோணும்னு அடுத்த நாளும் போனாரு. அப்பறம் நிக்கவே இல்லைங்க.”

ஒரு புதன்கிழமை காலை. தரகர் வழக்கம்போல அறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். நான் துண்டை எடுக்க எழுந்தேன். சரோஜா சுவரிலிருந்து திரும்பினாள். வீட்டு வாசலுக்கு ஆள் வந்தால் ஆயுசு முழுக்க எதைச் சொன்னாளோ அதைச் சொன்னாள்.

“வா... ங்க.”

இடது கையால் நாற்காலியைக் காட்டினாள். அத்தனை நாளாகப் படி தாண்டாத மனிதர் உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தத் துண்டுக்கு அடியில் என்ன விலை படிந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் அழுதேன், இந்த முறை குழாயைத் திறக்காமல்.

கமிஷனை அவர் கேட்கவே இல்லை. இரண்டு மாதம் காத்திருந்து நானே கேட்டேன். “அது அன்னிக்கே வந்துருச்சுங்களே சார்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டே ஓடினார். இன்றுவரை இந்தக் கணக்கில் எனக்குத் திருப்தியில்லை.

போன வருஷம் மருமகன் பட்டறையை உடுமலைப்பேட்டைக்கு மாற்றிக்கொண்டார், தரகரும் போய்விட்டார். எங்கள் வீதி பழையபடி ஒற்றுமையில்லாமல் இருக்கிறது. போன வாரம் உடுமலையிலிருந்து, முன்பு என்னோடு வேலை பார்த்தவர் போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏனுங்க, உங்க வீதியில இருந்தவராமா. பச்சைத் துண்டு. இங்க ஆஸ்பத்திரியில பேச முடியாதவங்க கையைப் புடிச்சுட்டு என்னமோ பண்றாருங்க. எங்க மாமாவும் பேச்சில்லாமக் கெடக்கறாரு. ஊட்டுக்கு வரட்டுமான்னு கேட்டுட்டு வாசல்ல நிக்கறாரு. ஆளு எப்படிங்க?”

“ரொம்பச் சந்தேகமான ஆளுங்க” என்றேன். “மொதல்ல உள்ள உடுங்க. அப்பறம் நிதானமாச் சந்தேகப்படலாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜா என் விரலைப் பிடித்து இழுத்தாள். துண்டு இல்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“அவரு... சாப்... ட்டாரா... கேளுங்க.”

கேட்டேன்.