ஐம்பது பைசா குறைகிறது

"அம்பது பைசா கொறையுதே அண்ணாச்சி" என்றார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பத்து மணிக்கெல்லாம் அப்பீல் ஆபீஸ் படியேறியவர் அவர். கையில் மனு மூன்று பிரதி, பேங்க் டிராஃப்ட், போதாக்குறைக்கு வழக்கின் மூல காரணமான சக்கர அப்பளத்தில் ஒரு கட்டு.

நடுவில் ஓட்டையும் சுற்றிலும் ஆரக்காலுமாக, எண்ணெயில் போட்டதும் பூரித்துப் பொங்கும் சரக்கு அது. அப்பளத்துக்கு விற்பனை வரி கிடையாது. ஆனால் வரி அதிகாரியோ, 'வட்டமாக இருப்பதெல்லாம் அப்பளம் ஆகிவிடாது' என்று ஆர்டரில் எழுதி, ஒரு வருஷ விற்பனைக்கு நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய் வரியைத் தீட்டிவிட்டார். முந்தைய வருஷங்களையும் தோண்டப் போவதாகக் கடைசியில் ஒரு மிரட்டல் வேறு. இந்த ஆர்டர் நிலைத்துவிட்டால் ஆவுடையப்பன் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அப்பீல் போடலாம். ஆனால் வரியில் கால்வாசியை முன்கூட்டியே கட்டினால்தான் மனுவைக் கையாலேயே தொடுவார்கள். கெடு இன்று மாலை ஐந்தே முக்கால்.

"கால்வாசின்னா பத்தாயிரத்து முன்னூத்தி ரெண்டு ரூவா அம்பது பைசா. நீங்க எடுத்திருக்கது முன்னூத்தி ரெண்டோட நிக்கி" என்றார் மேஜைக்காரர். தடித்த கண்ணாடி, காதில் பென்சில், எதிரே தலையணை தண்டிக்குச் சட்டப் புத்தகம். பார்த்தாலே கும்பிடத் தோன்றும்.

ஆவுடையப்பன் பையைத் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்தார். "சில்லறை வேண்டாம் சார், நீங்களே வச்சுக்கிடுங்க."

"ரொக்கமா!" மேஜைக்காரர் பல்லியைக் கண்டவர்போல நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "நாம ரெண்டு பேரும் உள்ள போவதுக்கா? டிராஃப்ட் எடுத்துட்டு வாங்க."

பேங்கில் கவுன்டர் பெண் படிவத்தை இரண்டு தடவை படித்தாள்.

"அம்பது பைசாவுக்கு டிராஃப்டா? கமிஷனே நாப்பது ரூவா சார்."

"பரவாயில்லம்மா, குடு."

"ஒரு ரூவாய்க்குக் கீழ கம்ப்யூட்டர் எடுக்காது."

"அப்ப ஒரு ரூவாய்க்குக் குடு!"

மேனேஜரே எழுந்து வந்து கண்ணாடித் தடுப்பு வழியாக அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

நாற்பத்தொரு ரூபாய் செலவில் ஒரு ரூபாய் டிராஃப்டோடு திரும்பியபோது மணி ஒன்று. மேஜைக்காரருக்கு ஒரு டீயும் உளுந்த வடையும் வாங்கி வைத்தார். வடையைத் தின்றுகொண்டே அவர் டிராஃப்டைப் பார்த்தார்.

"இப்ப அம்பது பைசா கூடுதே."

"கூடுனா நல்லதுதானே சார்?"

"என்ன அண்ணாச்சி, வெவரம் இல்லாமப் பேசுதீய? இப்ப கவர்மென்ட் உங்களுக்கு அம்பது பைசா கடன்காரன். கடன்காரன்ட்டயே போயி நியாயம் கேப்பீயளா? அந்த அம்பது பைசா எனக்கு வேண்டாம்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

வாசலுக்கு வரும்போது போன் அடித்தது. மனைவி உலகம்மாள்.

"ஏங்க, சோலி முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. கால்வாசி கட்டுததுல ஒரு சின்ன சிக்கலு."

"தோத்தாத்தானே கட்டணும்? நாம இன்னும் தோக்கவே இல்லியே."

"தோத்தா முழுசும் கட்டணும். ஜெயிக்கணும்னா கால்வாசி கட்டணும்."

"ஜெயிச்சா?"

"திருப்பித் தருவாங்க."

"எப்போ?"

ஆவுடையப்பன் இருமினார். "அதுக்குத் தனியா அப்ளிகேஷன் போடணும்."

"நல்ல சட்டமாத்தான் இருக்கு. இனிமே நம்ம வீட்டுலயும் அதேதான். கொழம்பு நல்லால்லன்னு சொல்லணும்னா மொதல்ல கால்வாசியத் தின்னுட்டு வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் டைப்பிஸ்ட் ஒருவர் கிடைத்தார். ஒரே நாளில் நாலு கல்யாணத்தையும் ரெண்டு விவாகரத்தையும் அடித்துத் தள்ளும் வேகம் அவருக்கு.

"பேரு? அப்பா பேரு? தொழிலு?"

"எல்லாம் இதுல இருக்கு" என்று ஆர்டரை நீட்டிவிட்டு, ஆவுடையப்பன் நோட்டரியைத் தேடி ஓடினார். நோட்டரி சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டவர் ஒரு கண் அசந்து எழுந்துவர நாலரை ஆயிற்று. அடித்து வைத்த தாளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டமாக ஓடிவந்து, மேஜையில் வைத்தபோது மணி ஐந்தேகால்.

மேஜைக்காரர் சத்தமாகவே படித்தார். "கல்லிடைக்குறிச்சியில், அப்பளம் அல்லாத பொருளை அப்பளம் என்று கூறி விற்றுவரும் ஆவுடையப்பனாகிய நான், சுயநினைவோடும் முழுமனதோடும்..."

படிப்பதை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன அண்ணாச்சி இது?"

ஆவுடையப்பன் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஆர்டரில் அதிகாரி வைத்திருந்த குற்றச்சாட்டை, டைப்பிஸ்ட் அவருடைய தொழில் என்று நினைத்து அப்படியே அடித்துவிட்டார்.

"சார், அத மட்டும் அடிச்சுருதேன்!"

"அடிச்சா பக்கத்துல நோட்டரி கையெழுத்துப் போடணும். அவரு வீட்டுக்குப் போயிருப்பாரு. அடிக்காம குடுத்தா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கேஸ் இங்கயே முடிஞ்சுது."

ஆவுடையப்பன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். இருபது வருஷமாக அவரும் உலகம்மாளும் மாவு பிசைந்து, வெயிலில் காயவைத்து, காக்கை விரட்டி வளர்த்த தொழில். அதை அப்பளமே இல்லை என்று அவரே முத்திரை குத்தி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயதில், நாலு பேர் நடமாடும் இடத்தில், அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"சார், நீங்களே சொல்லுங்க" என்று கட்டைப் பிரித்து ஓர் அப்பளத்தை நீட்டினார். "இது அப்பளம் இல்லாம வேற என்ன?"

மேஜைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக ஆவுடையப்பனையே பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, வாரது வரட்டும்" என்று வாக்குமூலத்தை நாலாகக் கிழித்தார். "ஒரு ரூவா டிராஃப்டப் பையில போடுங்க. காலைல கொண்டாந்தது எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுபோயி கடைசி ரூம்ல குடுங்க. கொறைஞ்ச அம்பது பைசாவுக்கு நான் பொறுப்பு. எவனாவது கேட்டா மந்திரமூர்த்தி சொன்னாருன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைசி அறைக்கு ஓடினார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது. அங்கே பேச்சியம்மாள் என்ற பெண்மணி வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். டிராஃப்டை ஒரு பார்வை பார்த்தார். மூன்று பிரதியிலும் டப், டப், டப் என்று சீல் விழுந்தது. ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான்."

"அம்பது பைசா கொறையுதே..."

"பைசாவையெல்லாம் யாரு அண்ணாச்சி பாக்கா? ரூவாயோட சரி."

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மந்திரமூர்த்தியின் ஒரு சொல்லுக்கு இந்த ஆபீஸில் இவ்வளவு மதிப்பா! அப்பளக் கட்டை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். "இத உங்க பெரிய அய்யாட்ட குடுத்துருங்கம்மா. அவரு மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என் கதி அதோகதிதான்."

"எந்தப் பெரிய அய்யா?"

"அந்தா, முன்னால மேஜையில, காதுல பென்சிலு வச்சிக்கிட்டு இருக்காரே, மந்திரமூர்த்தி அய்யா."

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார்.

"அவரா? அவரும் அப்பீல் போட வந்தவருதான் அண்ணாச்சி. பதினோரு வருஷமா தெனமும் வாராரு, இன்னும் மனு குடுத்தபாடில்ல."