சுடலைமணி வாயை மூடிக்கொண்ட கதை

“சாந்தன்பாறைக்குப் போறேன். உனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா புள்ள?” என்று சுடலைமணி குனிந்து கேட்டான். ஆனந்தி சுவரைப் பார்த்து, “ம்ஹூம்” என்றாள்.

ஒரு மாதமாக இதே கதைதான். அவன் கிட்டே போனால் அவள் முகம் சுவருக்குப் போய்விடும். சிரிப்பு வந்தால் முந்தானை மூக்குவரை ஏறிவிடும். அடிக்கடி அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று பூப்பாறைக்கு ஓடினாள். கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். சண்டையும் கிடையாது. அப்படியென்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும், தன் வாய் நாறுகிறது என்று அவன் முடிவுகட்டினான்.

உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தான். ஏலக்காய் மணந்தது. எஸ்டேட் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவனுக்கு மீன் குழம்பே ஏலக்காயாகத்தான் மணக்கும். அந்த மூக்கை நம்பி என்ன செய்ய?

உப்பு போட்டுக் கொப்பளித்தான். கிராம்பைக் கடித்தான். கம்பியை வைத்து நாக்கை வழித்தான். வழித்த வழிப்பில் நாக்கு புண்ணாகி, காரம் பட்டாலே உயிர் போயிற்று. தட்டில் குழம்பை ஒதுக்கினான்.

“இப்ப என் சமையலும் பிடிக்கலையாக்கும்,” என்று ஆனந்தி சுவரிடம் சொன்னாள்.

அடுத்து, ஸ்டோரில் நாலு காயை எடுத்து வாயில் போட்டு மென்றான். சாயங்காலம் கேட்டில் சூப்பர்வைசர் செல்லத்துரை மறித்தார்.

“வாயத் தொற. எதுக்குலே காயை மெல்லுத?”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

“சும்மாண்ணே.”

“சும்மா மெல்லுததுக்கு இது என்ன பொரிகடலையா?”

மறுநாளே அவனை ஸ்டோரிலிருந்து தூக்கிச் சாண உரம் சுமக்கப் போட்டார்கள். இனி சட்டையும் நாறும். நல்ல முன்னேற்றம்.

கடைசியில் கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். ஆனந்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்கு இது?”

“இனிமே வீட்டுல இப்படித்தான்.”

“படுக்கும்போதுமா?”

“அப்பந்தான் முக்கியமா வேணும்.”

ஆனந்தியின் கண் நிறைந்துவிட்டது. தனக்காக அவன் படுகிற பாட்டைப் பார்த்து உருகுகிறாள் என்று சுடலைமணி நினைத்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம்தான் தோன்றும். காலையில் அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அக்கா சின்னத்தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன் போட்டான். சின்னத்தாய்தான் எடுத்தாள்.

“அவ பேசமாட்டா. நீங்க பண்ணுனது மனுசன் பண்ணுத காரியமா?”

“மதினி, நான் அவளுக்காகத்தான்...”

“போனை வைங்க.”

அவள் சத்தமில்லாத வீடு அவனுக்குத் தாங்கவில்லை. அவள் கோபமாக இருக்கும்போதுகூடப் பாத்திரமாவது பேசும். காலாகாலத்தில் டாக்டரிடம் போயிருந்தால் பெண்டாட்டி கூடவே இருந்திருப்பாள் என்று தன்னையே திட்டிக்கொண்டான். வாயைச் சரிசெய்துகொண்டு, நேரே போய்க் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும். பூப்பாறைக்கு ஜீப் ஏறினான்.

பல் டாக்டர் மலையாளி. மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார், பல்லைத் தட்டினார், ஊதச் சொல்லி முகர்ந்தும் பார்த்தார்.

“நாத்தம்னு ஆரு பறஞ்சது? ஒரு குழப்பமும் இல்லா. நாக்குதான் வழிச்சு வழிச்சு புண்ணாயிட்டுண்டு.”

“அப்ப என் பெண்டாட்டி ஏன் சார் முகத்தைத் திருப்புதா?”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

சுடலைமணி கேட்கவில்லை. அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செய்திருந்தான்.

“வாய் நாறுதான்னு அறிய மருந்தொண்ணும் வேண்டா. கூட இருக்கவங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டா மதி, அது போதும்,” என்று டாக்டர் கையைக் கழுவப் போனார்.

நர்ஸ் இந்து பெயரையும் ஊரையும் கேட்டாள். சொன்னதும் நிமிர்ந்து, அவன் கையிலிருந்த மாஸ்க்கைப் பார்த்தாள்.

“ஆனந்தியக்கா வீட்டுக்காரரா? ஈறுல சீழ் வச்சு வாய் நாறுதுன்னு ஒரு மாசமா இங்கதான் வந்தாங்க, எல்லாம் சுத்தமா குணமாயிட்டுன்னு நாங்க சொன்னா, ‘பொய் சொல்லாதீங்க, எம் புருசன் மாஸ்க் போட்டுட்டுத்தான் பக்கத்துல படுக்காரு’ன்னு அழுதுட்டுப் போயிட்டாங்கண்ணே.”