ஒரு கொம்பு குறைந்த நாடு

“இனிமே நம்ம நாட்டுக்கு வேம்பாறுங்கற பேர் கிடையாதாம், தெரியுமா முகவரியாரே?”

“தெரியும் பேரம்மா. கொத்து மூணாம்.”

“கொத்துன்னா? கறிவேப்பிலையா, சாவியா?”

“அஞ்சு நாடும் சேர்ந்து ஒரு கொத்து. அதுல நாம மூணாவது சாவி.”

“எந்தப் பூட்டைத் திறக்க?”

“அதை இன்னும் சொல்லல.”

இன்பவல்லி சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா...” என்று தொடங்கினாள். அதற்குள் அமைச்சர் வருகிறார் என்று வாசலில் கொம்பு ஊதிவிட்டார்கள். “அப்புறம் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு இருக்கைக்கு ஓடினாள்.

அந்த ‘அப்புற’த்துக்கு இப்போது ஏழு வயது.

ஒரு பெரிய ஏரி. அதைச் சுற்றி ஐந்து சின்ன நாடுகள். அதில் வேம்பாறு என்னும் நாட்டை அரசர் வெற்றிமுகன் ஆண்டுவந்தார். ஐந்து நாடுகளும் கூட்டணி கண்டபோது, ஐந்து அரண்மனைக் கணினிகளையும் ஒன்றாகக் கட்டிப்போட ஒரு மென்பொருளை ஏற்றினார்கள். அன்றிலிருந்து வேம்பாற்றின் பெயர் ‘கொத்து-3’. மக்களுக்கு அரிசிச் சீட்டு அச்சடித்துத் தரும் கணினியும் தன்னைக் கொத்து-3 என்றே சொல்லிக்கொண்டது.

அந்தக் கணினிக்கு இரண்டு பக்கமும் இரண்டு அறைகள். ஓர் அறையில் இன்பவல்லி, பெயர்த்துறை. கணினியின் பெயர் எழுதிய ஏடு அவள் பொறுப்பு. மறு அறையில் நம்பிராசன், முகவரித்துறை. எந்தப் பெயர் எங்கே குடியிருக்கிறது என்று சொல்லும் ஏடு அவன் பொறுப்பு. ஒரு துறையின் ஏட்டில் இருப்பதை மறு துறைக்குச் சொல்லக்கூடாது என்பது சட்டம். பணியாளர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் அவள் பேரம்மா, அவன் முகவரியார். கொத்து மென்பொருள் வந்தபின் இரண்டு ஏட்டையும் அதுவே எழுதிக்கொண்டது. இவர்களுக்கு மிஞ்சியது தூசி தட்டும் வேலை. நடுச்சுவரில் இருந்த சிறு கம்பிச் சன்னல் வழியாகப் பேசிக்கொள்ளும் வேலையும் இருந்தது. அது எந்த ஆணையிலும் இல்லை.

இப்படி இருக்கையில், கூட்டணி விருந்தொன்றில் வெற்றிமுகனுக்குக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இலை போட்டுவிட்டார்கள். அரசர் எழுந்தார். கொள்கை வேறுபாடு காரணமாகக் கூட்டணியிலிருந்து விலகுவதாக அங்கேயே அறிவித்தார். மறுநாள் நடுப்பகலில், மேளதாளத்துடன், கொத்து மென்பொருளை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். ஊரெங்கும் இனிப்பு வழங்கப்பட்டது.

அதற்கடுத்த நாள் அரிசிச் சீட்டு அச்சடிக்கக் கணினியைத் தட்டியபோது, அது ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நின்றது.

“கொத்து-3 என்பவர் யார்? தெரியவில்லை.”

எத்தனை முறை தட்டினாலும் அதே வரிதான். ஒரு வாரம் ஆயிற்று. சீட்டு இல்லாமல் அரிசி இல்லை. கிடங்கு நிறைய மூட்டை இருந்தது, வீடுகளில் மரவள்ளிக் கிழங்கு வெந்தது. அலுவலக வாசலில் பைகளோடு வரிசை நின்றது. வரிசையின் முதல் ஆள் பேச்சியாயி. அவளுக்கு நான்கு பிள்ளைகள். வாய் மட்டும் நாற்பது பேருக்கு உண்டானது.

“ஏம்மா, உங்க பொட்டிக்கு அதோட பேரே மறந்துபோச்சாமே?” என்றாள் இன்பவல்லியிடம். “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், பொழுது சாஞ்சா. தலையில ரெண்டு குடம் தண்ணி ஊத்துவேன், ஞாபகம் வந்துரும். ஊத்திப் பாக்கட்டுமா?”

“வேண்டாம்க்கா, அது கரன்ட்ல ஓடுறது.”

“இவரும் ஒரு மாதிரி கரன்ட்லதான் ஓடுறாரு.”

வரிசை சிரித்தது. இன்பவல்லியும் சிரித்தாள். ஆனால் பேச்சியாயியின் பை மடிப்புக் கலையாமல் திரும்பிப் போவதைப் பார்த்தபோது அவளுக்கு மதியக் கிழங்கு இறங்கவில்லை.

அரசவை கூடியது. அமைச்சர் பெருங்குரலார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“மன்னா! பழுது எதில் என்பதை ஆராய்ந்தேன். ‘யார்?’ என்று ஒரு கருவி அரசைப் பார்த்துக் கேட்கிறது. கேள்விதான் பழுது. ‘யார்’ என்னும் சொல்லையே தடை செய்துவிட்டால், பழுது தானாக நீங்கும்.”

தடை செய்தார்கள். அன்று முதல் வேம்பாற்றில் கதவு தட்டப்பட்டால் ‘யாரது?’ என்று கேட்க வழியில்லை. திருடர்கள் கதவைத் தட்டிவிட்டு, மரியாதையாக உள்ளே வந்து, வேண்டியதை எடுத்துப்போனார்கள். நெடுநாள் பார்க்காத சம்பந்திகளும் வந்து தங்கினார்கள். திருடர்களே பரவாயில்லை என்று சிலர் சொன்னார்கள். கணினி மட்டும் சட்டம் படிக்காததால் ‘யார்?’ என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆணை வந்தது. கொத்து-3 யாரென்று தெரியவில்லை என்றால், ஒருவரைக் கொத்து-3 ஆக நியமித்துவிட்டால் போகிறது. அரசரின் மைத்துனர் அப்போது வேலையில்லாமல் இருந்தது நாட்டின் நல்லூழ். அவர் கணினியின் முன் பட்டு மெத்தையில் அமர்ந்து, அது கேட்கும்போதெல்லாம் “நான்தான்! நான்தான்!” என்று கத்தினார். அவருடைய அலுவலகச் சமையலுக்கென்று கிடங்கிலிருந்து இருபது மூட்டை அரிசி போனது. நான்காம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. ஓய்வுக்காக மலைவாசத் தலத்துக்குப் போனார். அங்கே இன்னும் பத்து மூட்டை போனது.

மூன்றாவது ஆணை, எல்லா ஊர்ப் பெயர்ப் பலகைகளையும் சுண்ணாம்பு பூசி மறைக்கச் சொன்னது. எந்த ஊருக்கும் பெயர் இல்லாவிட்டால் கணினி மட்டும் தனியாக அவமானப்பட வேண்டியதில்லை அல்லவா? தபால்கள் திசைமாறின. ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊரிலும் ஒரு மணப்பெண் மாலையோடு காத்திருந்ததால், சாப்பாடு முடியும்வரை எவரும் தவறைக் கவனிக்கவில்லை.

கடைசியாக அரசருக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கணினி பேசாவிட்டால் அதை ஏரியில் போட வேண்டும். பெயர்த்துறையை ஏரியின் வடகரை உப்பளத்துக்கும், முகவரித்துறையைத் தென்கரை உப்பளத்துக்கும் மாற்ற வேண்டும்.

ஆணையைப் படித்ததும் இன்பவல்லி கம்பிச் சன்னலருகே போய் நின்றாள். வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே படகில் இரண்டு நாள். எதிர்ப்பக்கம் நம்பிராசனும் கையில் அதே ஆணையோடு நின்றான்.

“வடகரையில வெயில் ஜாஸ்தின்னு சொல்வாங்க, பேரம்மா. குடை எடுத்துட்டுப் போங்க.”

“குடை கிடக்கட்டும். எங்கிட்ட இருக்கிற ஏட்டுல என்ன பேர் இருக்குன்னு உங்களுக்குச் சொல்லப்போறேன்.”

“ஐயையோ, சட்டம்!”

“உப்பளத்துக்குப் போறவளுக்குச் சட்டமென்ன சட்டம்? கேளுங்க. கொத்து மூணுன்னுதான் இன்னும் இருக்கு. மென்பொருளைப் புடுங்கினவங்க இதை மாத்தவே இல்ல.”

அந்தப் பக்கம் தாள் புரளும் ஓசை. பிறகு ஒரு பெருமூச்சு.

“எங்கிட்ட அப்படி ஒரு பேரே இல்லீங்களே! கொத்தைப் புடுங்கினப்ப அந்த வரியையும் சேர்த்துப் புடுங்கிட்டாங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கணினி எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் இவள் ஏட்டில் தன் பெயரைப் படிக்கிறது. பிறகு அவன் ஏட்டில் அந்தப் பெயர் எங்கே குடியிருக்கிறது என்று தேடுகிறது. இங்கே பழைய பெயர் நிற்கிறது. அங்கே இடம் காலி. பாவம், அது யாரைப் போய்க் கேட்கும்? ஒரு மாதமாக நாடே பட்டினி கிடந்தது இரண்டு ஏடுகளும் பேசிக்கொள்ளாததால்தான்.

“நான் இதை அடிச்சுட்டு வேம்பாறுன்னு எழுதறேன். நீங்களும் அதையே எழுதுங்க.”

“சரி. பேருக்கு நேரா முகவரி என்னன்னு போடறது?”

“அது எங்க இருக்கு? இங்கேயேதானே இருக்கு. ‘இங்கேயே’ன்னு போடுங்க.”

எழுதினார்கள். கணினியைத் தட்டினார்கள்.

“வேம்பாறு என்பவர் யார்? தெரியவில்லை.”

இன்பவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நிஜமாவே எழுதினீங்களா?”

“சத்தியமா எழுதினேன். இந்தாங்க, பாருங்க.” கம்பிக்கிடையே ஏட்டைத் தூக்கிக் காட்டினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ‘வெம்பாறு – இங்கேயே’ என்றிருந்தது.

“முகவரியாரே, கொம்பு!”

“எனக்கா? எங்க?” அவன் தலையைத் தடவினான்.

“எழுத்துல! ஒத்தைக் கொம்பு போட்டிருக்கீங்க. வேம்புக்கு ரெட்டைக் கொம்பு. இப்படி எழுதினா நாடே வெம்பிப்போகும்.”

“வெம்பித்தானே போயிருக்கு” என்று சொல்லிக்கொண்டே அவன் திருத்தினான். மறுபடி தட்டினார்கள். கணினி ஒரு கணம் யோசித்தது. பிறகு கடகடவென்று முதல் அரிசிச் சீட்டைத் துப்பியது. அதன் தலைப்பில் ‘வேம்பாறு’ என்று, இரட்டைக் கொம்போடு, அச்சாகியிருந்தது.

பேச்சியாயி சீட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். “வே... நம்ம ஊருதான்!” என்றாள். பிறகு பையை உதறி விரித்துக்கொண்டு கிடங்குப் பக்கம் ஓடினாள். வரிசை முழுக்க அவள் பின்னால் ஓடியது.

வெள்ளிக்கிழமை அரண்மனை முற்றத்தில் வெற்றி விழா. கணினியைப் பழுது பார்த்ததற்காக மைத்துனருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருக்கு இன்னும் குரல் வரவில்லை, கையசைத்தார். பெருங்குரலார் ஓலையை விரித்தார்.

“மக்களே! தன்மானம் மீட்ட நம் மன்னர், இன்று ‘தோரணம்’ என்னும் புதிய அணியில் இணைகிறார். இது பழைய கொத்து அன்று. கொத்தில் இருந்தவை ஐந்து நாடுகள். தோரணத்தில் இருப்பவையும் அதே ஐந்து நாடுகள்தாம் எனினும், இம்முறை மன்னரின் இலை பாயசத்துக்கு அருகில் போடப்படும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். திங்கள்கிழமை முதல் நம் நாட்டின் பெயர் ‘தோரணம்-4’!”

கைதட்டல் எழுந்தது. பேச்சியாயி மட்டும் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

“இதையும் ஒருநாள் புடுங்குவீங்கதானே சாமி? அடுத்த மாசச் சீட்டை இப்பவே குடுத்துருங்க.”

விழா முடியுமுன்பே இன்பவல்லி அலுவலகம் திரும்பிவிட்டாள். நம்பிராசன் அவளுக்கு முன்பே வந்திருந்தான்.

“திங்கக்கிழமைலேர்ந்து மறுபடியும் தூசி தட்டுற வேலைதான், பேரம்மா.”

“நாம எழுதின வரியை அழிக்கச் சொன்னாங்களா?”

“அதைச் சொல்ல மறந்துட்டாங்க.”

“அப்ப அடியில அப்படியே இருக்கட்டும். புடுங்குற அன்னைக்கு வேணும்.”

அவன் சிரித்தான். ஏட்டில் அந்த வரியை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடினான். “உப்பளம் போகாம தப்பிச்சோம்” என்றான். “ஏழு வருஷத்துக்கு முன்னாடி, அப்புறம் கேக்கறேன்னு என்னவோ சொன்னீங்க. வடகரை, தென்கரைன்னதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. கேக்காமலேயே போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்.”

இன்பவல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் அமைச்சரின் கொம்பு ஊதத் தொடங்கியது. இந்த முறை அவள் இருக்கைக்கு ஓடவில்லை. கொம்பு ஓசைக்கு மேலே தன் குரல் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னாள்:

“என் பேரு இன்பவல்லி. அதுக்கு நேரா உங்க வீட்டு முகவரியை எழுதிக்குவீங்களா?”