இருநூற்றொன்று ஒரு பதிலா?

பாயா ரும்புட், மலாக்கா
வியாழக்கிழமை

அன்புள்ள மருமகன் தர்மேந்திரனுக்கு,

உன் அத்தை கமலவேணி எழுதுவது. நீயும் ராகினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? என் தம்பி என்பதால் சொல்கிறேன், அவன் தைலம் தடவாமலே தடவினேன் என்பான். இங்கே என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நீ செய்துகொடுத்த கோயில் இணையத்தளத்தில்தான். கைப்பேசியில் தட்டி அனுப்புவதை நான் கடிதம் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். வரிகள் சாய்ந்திருந்தால் அது படத்தின் குற்றம்.

விஷயம் உனக்குத் தெரியும். டுரியான் துங்கால் பக்கம் நம் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் தேர் நாள் உபயம் உன் மாமாவுடையது. அவர் இருந்தவரை, கோயில் செயலாளர் கணேசமூர்த்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "அப்ப தேர் நாளு உங்களுதுதான்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். அதுதான் பதிவு. மாமா போன பிறகு வரும் முதல் திருவிழா இது. "தனியா இருக்கிற பொம்பள, அவ்ளோ பெரிய நாள எப்படி எடுத்துச் செய்வாங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டதாக என் காதுக்கு வந்தது. யார் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. மனக்கசப்பு வேண்டாம் என்று கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது: எல்லாரும் இணையத்தில் பதியுங்கள், முதலில் பதிகிறவருக்கே நாள். ஞாயிற்றுக்கிழமையோடு பதிவு முடிகிறது. நாள் கைமாறினால், தேர் புறப்படுமுன் அர்ச்சனையில் மாமா பெயரைச் சொல்ல ஆளில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ எனக்குத் தொலைபேசியில் பாடம் எடுத்தாய். "ரொம்ப ஈசிலா அத்தை. நீங்க பட்டன அமுக்குனா சர்வர் ஒரு நம்பர் குடுக்கும். எரநூறு வந்தா சரி. நாலுல ஆரம்பிச்சா அனுப்புனவங்க தப்பு. அஞ்சுல ஆரம்பிச்சா எங்க தப்பு." மூன்று என்றால் என்ன என்று கேட்டேன். "அது வேற அட்ரசுக்குப் போன்னு அர்த்தம். அதெல்லாம் உங்களுக்கு வராது, வைங்க" என்று வைத்துவிட்டாய். நான் அதை மனத்தில் எழுதிக்கொண்டு, குளித்து, விளக்கேற்றி, மாமாவின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து தொடங்கினேன்.

நீ கொடுத்த முகவரியைத் தட்டி, முடிவில் முற்றுப்புள்ளி வைத்தேன். கான்வென்ட்டில் படித்தவள் முற்றுப்புள்ளி வைக்காமல் எதையும் முடிக்கமாட்டாள். 404, பக்கம் காணப்படவில்லை என்றது. ஒரு புள்ளிக்காகவா ஒரு பக்கமே காணாமல் போகும்? புள்ளியை எடுத்ததும் பக்கம் ஓடி வந்தது. சரி என்று கடவுச்சொல்லைக் கொடுத்தால் 401, உங்களை அடையாளம் தெரியவில்லை. மலாக்காவில் என்னைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் உன் சர்வர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொடுத்தேன், உள்ளே விட்டது, தேர் நாளைத் தேர்ந்தெடுத்து, என் பெயரை முழுதாக எழுதி, அம்மனை வேண்டிக்கொண்டு அமுக்கினேன். வந்தது என்ன தெரியுமா? 201, உருவாக்கப்பட்டது. அவ்வளவுதான். எது உருவாக்கப்பட்டது, யாரால், யாருக்காக? வணக்கம் இல்லை, நன்றி இல்லை, திருமதி என்ற சொல் இல்லை. அதுகூடப் போகட்டும். நீ சொன்னது இருநூறு. இருநூற்றொன்று எப்படி இருநூறாகும்? விடையில் ஒன்று கூடினாலும் தப்பு தப்புதான். ஆகவே சரியான பதில் வரட்டும் என்று மறுபடி அமுக்கினேன்.

409! முரண்பாடு. இந்த நாள் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. கீழே சிவப்பாக ஒரு பட்டன், பதிவை ரத்து செய் என்று.

நான் கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் யார் நுழைந்திருப்பார்கள்? பின் தெரு சுப்பம்மாதான். போன திருவிழாவில் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவையாச்சும் இந்த நாள நாம எடுக்கணும்லா" என்று அவள் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். குடைகூட எடுக்காமல் வெயிலில் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சுப்பம்மா, தேர் நாளை எடுத்துக்கிட்டியா?"

"என்னாக்கா, வந்ததும் வராததுமா. என்னுது பால்குட நாளுலா. நான் ஏன் தேர எடுக்கறேன்?"

"நானூற்றொன்பது சொல்லுது."

"யாருக்கா அது, கமிட்டியில புது ஆளா?"

"நடிக்காதே."

"அக்கா, எனக்குப் போன்ல பாட்டு கேக்கத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் எம்மவ திவ்யதர்ஷினிதான் பாப்பா."

"அப்ப மகளை விட்டு எடுத்தியா? புருஷன் போனவ நாளுதானே, கேக்க ஆளில்லன்னு நினைச்சியா?"

அவள் ஈரத்துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் போவார்கள் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

வந்ததும் அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கினேன். அவள் பதிவை நானே ரத்து செய்தேன். 200! சரி! துளி கூடாமல், துளி குறையாமல் இருநூறு. நேற்றெல்லாம் உன் சர்வர் பேசிய ஒரே ஒழுங்கான வார்த்தை அதுதான். மாமா படத்தைப் பார்த்து, "மீட்டுட்டேங்க" என்று சொல்லிவிட்டு, என் பெயரைப் பதிய அமுக்கினால் 503, சேவை தற்போது இல்லை. ஐந்து! ஐந்து என்றால் உன் தப்பு, நீயே சொன்னாய். அதை அதற்கு உணர்த்துவதற்காக நிறுத்தாமல் அமுக்கினேன். 429, அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்றது. தப்பை அது செய்துவிட்டு, பழியை என்மேல் போட்டு நாலுக்குத் தாவிவிட்டது, பார்த்தாயா? இன்று காலை அமைதியாக ஒரே ஒரு முறை அமுக்கினேன். மறுபடியும் 409. இம்முறை அந்தச் சிவப்பு பட்டனும் இல்லை. ஒளித்துவிட்டார்கள்.

ஆகவே நீ செய்யவேண்டியது இதுதான். நீ கட்டிய வீடு, உனக்குப் பின்வாசல் தெரிந்திருக்கும். உள்ளே போய், தேர் நாளில் யார் பெயர் இருந்தாலும் எடுத்துவிட்டு என் பெயரை எழுது. நியாயமா என்று கேட்காதே. நியாயம் என் பக்கம் இருக்கிறது.

ராகினியை வெயிலில் அலையவிடாதே. உன் சர்வரைத் தவிர உன்னைச் சேர்ந்த எல்லாருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தை கமலவேணி

பின்குறிப்பு: பின்வாசல் பக்கம் போகாதே. எதையும் தொடாதே. படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினேன், கணேசமூர்த்தி அழைத்தார். "என்னாம்மா, தேர் நாள ஏன் ரத்து பண்ணுனீங்க?" என்றார். என் நாளை நான் ஏன் ரத்து செய்கிறேன் என்றேன். "இருநூத்தி ஒன்னு வந்துச்சுல்ல? அப்பவே உங்க பேரு ஏறிடுச்சும்மா. அதுக்கப்புறம் நீங்களேதான் எடுத்துருக்கீங்க. அடுத்தவங்க பதிவுன்னா அந்தப் பட்டனே உங்களுக்கு வராதுலா" என்றார். நான் முட்டிக்கொண்டது என்னோடுதான். இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். நாள் காலியானதைத் திவ்யதர்ஷினி பார்த்துத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். "அக்கா கோவத்துல என்னமோ பண்ணிட்டாங்க, வேற யாரும் எடுக்கறதுக்குள்ள போட்டு வைடி" என்றாளாம் சுப்பம்மா. மகளுடைய கைப்பேசியிலிருந்து பதிந்தாலும், உபயக்காரர் என்று போட்டிருப்பது உன் மாமா பெயரும் என் பெயரும்.

அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். வாசலிலேயே நின்று, என் தவறு இன்னது, அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று முழு வாக்கியத்தில் சொன்னேன். சுப்பம்மா "ம்" என்றாள்.

அவ்வளவுதான். நான் மறுபடி கேட்கவில்லை.