நாரைக் குஞ்சுகளுக்கு நான் பிடித்த நிழல்

அழுகிற குழந்தையைச் சிரிக்க வைத்துப் படம் எடுத்தவன் உலகத்தில் எதை வேண்டுமானாலும் படம் எடுத்துவிடலாம் என்று இருபத்து மூன்று வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு வேலை. எண்ணெய் வழிகிற மாப்பிள்ளைகளுக்குப் பவுடர் பூசுவேன். கைக்குழந்தைகள் கேமராவைப் பார்க்கக் கிலுகிலுப்பை ஆட்டுவேன். (இரண்டாவதில் நான் சூரன். முதலாளியே சொல்வார்.)

தாய்மாமா மகள் கோமதி மேல் எனக்கு உயிர். மாமாவுக்கு விளாத்திகுளம் பக்கம் மிளகாயும் பருத்தியும். படம் பிடிப்பதை ஒரு தொழிலாகவே அவர் மதிக்கவில்லை.

"துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்குதது ஒரு வேலையாலே?" என்பார்.

கோமதி பிடிவாதம் பிடித்தாளோ என்னவோ, ஒருநாள் இறங்கி வந்தார். நல்ல மழை பெய்த வருஷங்களில் அவர் ஊர்க் கண்மாயின் கருவேல மரங்களில் இடம் கொள்ளாமல் நாரைகள் கூடு கட்டும்.

"எங்க ஊரு நாரைய, மொகம் நல்லா தெரியுத மாதிரி ஒரு படம் புடிச்சுக் குடு. கோமதியப் பத்திப் பொறவு பேசுவோம்."

முகம்தானே? முகம் எடுப்பதுதானே என் பிழைப்பு? அன்றைக்கே மனசுக்குள் பந்தல் போட்டுவிட்டேன்.

தை மாதம் முதலாளியிடம் கெஞ்சி மரக் கேமராவை வாங்கிக்கொண்டு போனேன். கண்மாயில் இடுப்பளவு தண்ணீர். காலைப் பிடித்து இழுக்கிற கரிசல் சேற்றில் நடந்து, ஒரு மரத்தின் கிளைகளுக்கு நடுவே பலகை கட்டி ஏறினேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு கூடு, மூன்று குஞ்சுகள். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தேன். பறந்துபோன நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தானே விழும்? கீழே வானம் கிடந்தது. தண்ணீர் மேலே மினுங்கியது. நாரைகள் அந்த வானத்தில் காலூன்றி நிதானமாக நடந்தன. என் பக்கத்துக் கூட்டின் தாய் நாரை தொண்டையிலிருந்து தண்ணீரைக் கக்கிக் குஞ்சுகளை நனைத்தது. பிறகு இறக்கையை விரித்து நிழல் கொடுத்தது. மஞ்சள் மூக்கு, இறக்கையோரம் இளஞ்சிவப்பு. துணிக்குள்ளே அத்தனை சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்டது. அந்தத் தலைகீழ் ஊரில் நானும் கோமதியும் ஒரு கிளையில் குடித்தனம் நடத்தினோம். வாடகைகூடக் கேட்பாரில்லை. அவ்வளவு அழகை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வந்த வேலை திடீரென்று ஞாபகம் வந்தது. படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டை எடுத்துச் சொருகப் பார்த்தால், நாரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. என் கை தானாகப் பைக்குள் போயிற்று.

"இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கிலுகிலுப்பையை ஆட்டினேன்.

கண்மாயே எழுந்து பறந்தது. அந்த இறக்கைச் சத்தத்தில் நான் வெலவெலத்துப்போய், பிளேட் பெட்டி முழுவதையும் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன். குஞ்சுகள் பயந்து, தின்ற மீனையெல்லாம் என் சட்டைமேல் கக்கின. உச்சி வெயில். வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்தன. செத்துவிடுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கறுப்புத் துணியை இரண்டு கையாலும் விரித்து, கூட்டின்மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குஞ்சுகள் அடங்கின. தாய் தலைக்குமேல் சுற்றியது, இறங்கவில்லை. பாவி, பெற்ற பிள்ளையை இப்படி விடுமா என்று அதைத் திட்டினேன். கை மரத்துப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. எனக்கே இறக்கை முளைத்துவிட்டதாகத் தோன்றியது. கரையில் ஊர் கூடிக் கத்தியது காதில் விழவில்லை. கடைசியில் மாமாதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி மரத்தடிக்கு வந்தார்.

"ஏலே மருமவனே, நீ எறங்குனாத்தாம்ல தாய் வரும்."

இறங்கினேன். நான் கரை ஏறுவதற்குள் நாரை வந்து இறக்கையை விரித்துவிட்டது.

மாமா வீட்டு முற்றத்தில் மீன் நாற்றத்தோடு நின்றேன்.

"படம் எங்கலே?"

"தண்ணிக்குள்ள கெடக்கு, மாமா."

கதவுக்குப் பின்னாலிருந்து கோமதி பேசினாள். "அதுகளுக்காகத்தானப்பா அத்தான் அம்புட்டு நேரம் வெயில்ல நின்னாவ?"

"இவன் நின்னதாலதாம்மா தாய் வரல."

"அது அவியளுக்குத் தெரியாதுல்லா. தெரியாமத்தான நின்னாவ."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல போயிக் குளிலே" என்றார். வைகாசியில் கல்யாணம்.

இப்போது எங்கள் வீட்டில் பேரப்பிள்ளை அழுதால் முதலில் ஓடுவது நான்தான். தூக்கிக்கொண்டு ஆட்டுவேன், பாடுவேன். அது இன்னும் வீறிடும். அடுப்படியிலிருந்து கோமதி நிதானமாகச் சொல்வாள்:

"ஏங்க, நீங்க எறங்குனாத்தான் தாய் வரும்."

வீடே சிரிக்கும். நான் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு நகர்ந்துகொள்வேன்.