பின்பக்கமாக வந்த மாப்பிள்ளை

குமுளி மலை ஏற்றத்தில் இரண்டாவது வளைவைத் தாண்டியதும் கார் ஒரு இருமல் இருமியது, உடம்பைக் குலுக்கியது, நின்றுவிட்டது.

சுருளிவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மலை உச்சியைப் பார்த்தான். மேலே குமுளியில், ஏலக்காய் வியாபாரி அய்யாத்துரையின் வீட்டில், பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அவன்தான். டிரைவரும் அவன்தான். கம்பம் நத்தர்ஷா ராவுத்தரிடம் கார் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவன். ராவுத்தர் மனமிரங்கி, "கீறல் விழாமக் கொண்டாந்துரணும்" என்று சொல்லி இன்றைக்கு மட்டும் காரைக் கொடுத்திருந்தார்.

அய்யாத்துரை ஒரே ஒரு விஷயம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். "பையன் வெளையாட்டுப் பிள்ளையா இருக்கக் கூடாது. பொறுப்பான ஆளா இருக்கணும்."

அவருடைய மகள் கஸ்தூரியைச் சுருளித் தீர்த்தத்தில் பார்த்து வந்த நாளிலிருந்து சுருளிவேல் பொறுப்பாகவே நடமாடினான். மீசையைத் தடவுவதில்கூட ஒரு பொறுப்பு தெரிந்தது.

"ஏலே, ஏன் நின்னுபோச்சு?" பின் சீட்டிலிருந்து தாய்மாமன் கருத்தக்கண்ணன் கேட்டார். ஆயுசு முழுக்க மாட்டுவண்டி ஓட்டியவர்.

"இருங்க மாமா, பாக்குறேன்."

"பாக்க என்னடா இருக்கு? பின்பாரம்! நானும் அக்காவும் பின்னால உக்காந்தா மூக்கு தூக்காதா? மேட்டுல ஏறுறப்ப பாரத்த முன்னால தள்ளணும்."

இறங்கிப் போய் இஞ்சின் மூடிமேல் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே "ஆத்தாடி!" என்று துள்ளி எழுந்தார். மூடி தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. பாரம் இருக்கவேண்டிய இடத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா மொக்கம்மாள் பூவும் பழமும் வைத்த தட்டை மடியில் இறுக்கிக்கொண்டு சாமியை முனகிக்கொண்டிருந்தாள்.

சுருளிவேல் முன் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த டாங்கிக்குள் குச்சியை விட்டான். நுனி மட்டும் நனைந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் அவன் கையாலேயே கழுத்து முட்ட ஊற்றினான். எங்கேயும் ஒழுகவும் இல்லை. அப்புறம் எங்கே போயிற்று?

காரைப் பற்றி யோசிப்பது அவனுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. இப்போதும் யோசித்தான். குதிரை வண்டியைப் பார்த்து வளர்ந்த வெள்ளைக்காரன், குதிரை நின்ற இடத்தில் இஞ்சினை வைத்தான். போகட்டும். பெட்ரோலை ஏன் டிரைவருக்கு அடியில் வைத்தான்? மேட்டில் மூக்கு தூக்கினால் இஞ்சின் மேலே, பெட்ரோல் கீழே. அது எப்படி மேலே ஏறும்? மனுஷப் பிள்ளை வளர வளரத் தன் கோளாறைத் தானே சரிசெய்துகொள்கிறது. கன்றுக்குட்டிக்குக்கூடக் கொம்பு முளைக்கிறது. காருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. பிறந்த மேனிக்கே கிழடாகிறது. ஆனால் பசி மட்டும் வளர்கிற பையன் பசி. ஏற்றத்தில் அவ்வளவையும் குடித்துத் தீர்த்திருக்கிறது!

"காரைத் திருப்பிப் பின்பக்கமா ஏத்தினா டாங்கி மேல வந்துரும், மிச்சத்துலயே போயிரலாம்," என்றான்.

"பொண்ணு பாக்கவா? முதுகக் காட்டிக்கிட்டா?" மாமனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

வேறு வழியில்லை. வளைவில் உருட்டித் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றினான். கார் சமர்த்தாக ஏறியது. எதிரே இறங்கி வந்த வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏப்பா, கண்ணுக்கு நேரா நம்ம ஊருல்ல தெரியுது? வீட்டுக்கா போறோம்?" என்றாள் அம்மா.

"பேசாம இரும்மா."

மாமன் பின் சீட்டில் மண்டிபோட்டு, பின்னால் பார்த்து வழி சொன்னார். "சோத்தாங்கைப் பக்கம் ஒடி!"

"யாரு சோத்தாங்கை? ஒங்களுதா, எனதா?"

பதில் வருவதற்குள் மைல்கல் வந்துவிட்டது. மட்கார்டில் முழ நீளத்துக்குக் கீறல் விழுந்தது. ராவுத்தர் முகம் சுருளிவேலின் கண்முன்னே வந்து போயிற்று.

குமுளியில் அய்யாத்துரை வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றிருந்தார்கள். தெருவில் ஒரு காரின் முதுகு தெரிந்தது.

"என்னய்யா இது, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறாக?" அய்யாத்துரை பதறிக்கொண்டு ஓடி வந்தார். "நில்லுங்க! என்ன குத்தம் பண்ணினோம்?" போகிற கார் நெருங்கி நெருங்கி வரவும், அலறிக்கொண்டு சட்டென்று ஒதுங்கினார். கார் முற்றத்துக்குள் புகுந்து, காயப்போட்டிருந்த ஏலக்காய்மேல் ஏறி நின்றது. ஊரே மணத்தது.

ஆரத்தியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று பெண்கள் முழித்தார்கள். முகத்தையாவது காட்டலாம் என்று சுருளிவேல் காரைத் திருப்பினான். முற்றமும் மேடு. பாதியில் நின்றது. அய்யாத்துரையே தோள் கொடுத்துத் தள்ளினார். கார் ஒரு செருமல் செருமி, அவருடைய சலவைச் சட்டைமேல் கரும்புகையைக் கக்கியது. ஜன்னலுக்குள்ளிருந்து வளையல் சத்தமும் அடக்கமுடியாத சிரிப்பும் வந்தன. கஸ்தூரிதான். சுருளிவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமன் சும்மா இருந்திருக்கலாம். "சின்னப்பய, எண்ணெய் பாக்காமக் கெளம்பிட்டான்," என்று போட்டு உடைத்தார்.

அய்யாத்துரையின் முகம் சட்டையைவிடக் கறுத்தது. "வண்டியில எண்ணெய் இருக்கான்னு பாக்காதவரு, நாளைக்கு வீட்ல அரிசி இருக்கான்னு எப்படிப் பாப்பாரு?"

முடிந்தது கதை என்று தோன்றியபோது சுருளிவேலுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது.

"பாத்துத்தான் ஊத்தினேன். குத்தம் என் மேல இல்ல, செஞ்சவன் மேல!"

ஆரம்பித்தான். குதிரை, இஞ்சின், டாங்கி இருக்கும் இடம், மலையேற்றத்தில் காருக்கு வரும் அகோரப் பசி என்று ஒன்றுவிடாமல் தரையில் படம் போட்டு விளக்கினான். வெள்ளைக்காரன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டாங்கியை எங்கே வைக்கச் சொல்லியிருப்பான் என்பதையும் காட்டினான். அய்யாத்துரை குந்தி உட்கார்ந்து கேட்டார். பாதிக்குமேல் புரியவில்லை, அதனாலேயே மரியாதை கூடிவிட்டது.

"ஒரு வண்டியவே இம்புட்டு ஆராயிற ஆளு, எம்மகளக் கண்ணுல வச்சுல்ல காப்பாத்துவாரு!" என்றார். உள்ளே கேட்கப் போனார்கள். கஸ்தூரி சிரித்துக்கொண்டே தலையாட்டியதாகச் செய்தி வந்தது. அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். சுருளிவேல் ஒரே நாளில் ஒரு சாண் வளர்ந்துவிட்டான்.

கிளம்புகிற நேரம். "மாப்பிள்ளை வண்டி திரும்பப் பசியோட போகக் கூடாது," என்று அய்யாத்துரை ஒரு டின் பெட்ரோல் வரவழைத்து, தாமே ஊற்றக் குனிந்தார்.

மொக்கம்மாள் ஓடி வந்து டின்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, ஊத்தாதீக அண்ணே! நல்ல காரியத்துக்குப் போறப்ப எண்ணெய் கூட வரலாமா? வண்டி ஓடத்தான் முன்னால தண்ணி ஊத்துறானே, பகல்ல வெளக்குக்கு எண்ணெய் எதுக்குன்னு, இவன் குளிக்கப் போன நேரம் பாத்துக் குழாயத் தொறந்து ஒரு பானை வடிச்சு, அடுப்படியில பத்திரமா மூடி வச்சுட்டுல்ல வந்திருக்கேன்!"